இளக்காரக் கட்டு

எங்கள் ஆபீசில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வேர்க்காரர். தோட்டக்காரரும் இல்லை, மருந்து விற்பவரும் இல்லை. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் அகராதி ஆபீசில் உதவி ஆசிரியர். எந்தச் சொல்லைக் கையில் கொடுத்தாலும் அதன் வேரைப் பிடித்து இழுக்காமல் விடமாட்டார். டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட, "டீங்கிற சொல்லு எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டிவிடும்.

நான் அங்கே கம்போசிங். அவர்கள் அட்டையில் எழுதித் தருவதை நான் கம்ப்யூட்டரில் அடித்துப் பக்கமாக்கித் தருவேன். என் கை அடித்துக்கொண்டே இருக்கும், வாயும் சும்மா இருக்காது. அதனால் எனக்கும் ஆபீசில் ஒரு பெயர் உண்டு. அதை நான் சொல்லப்போவதில்லை.

ஒரே ஹால்தான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் ஒழுகும் குழாயும் தெரியும். என் மேசைக்கும் வேர்க்காரர் மேசைக்கும் நடுவில் ஒரு பீரோ. பீரோவுக்குப் பின்னால், பார்க்க வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. பெஞ்சில் யார் எதைப் பேசினாலும் என் காதில் விழும். நான் ஒட்டுக்கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். காதைக் கழற்றி டிராயரில் வைக்க முடியாது.

எங்கள் ஆசிரியர் பிடிவாதக்காரர். அகரவரிசையில் அகராதி போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நாம் பொருள் வாரியாகப் போடுவோம் என்று முடிவெடுத்தார். அதனால் சொற்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு மழை, காற்று. இன்னொருவருக்கு நோய் நொடி. பாத்திர பண்டத்துக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரு கட்டு யாரும் தொடாமல் கிடந்தது. அடுத்தவரை மட்டமாக நினைப்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொற்கள். ஆபீசில் அதற்கு இளக்காரக் கட்டு என்று பெயர்.

"அதை என்கிட்ட குடுங்க," என்றார் வேர்க்காரர். "நமக்கு அதுல அனுபவம் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அது உண்மை. அவர் மனைவியின் வீட்டார் வசதியானவர்கள். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "பேப்பர்ல ஏதோ கிறுக்குவாரு" என்று மச்சினன் பதில் சொல்வானாம். விசேஷங்களில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு மிச்சமிருக்கும் நாற்காலிதான் இவருக்கு. மனைவி போய்ச் சேர்ந்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இவரேதான் வளர்த்தார். தலை பின்னத் தெரியாது. ஒரு பின்னல் மேலேயும் ஒரு பின்னல் கீழேயுமாக அந்தக் குழந்தை ஆபீசுக்கு வந்து நிற்கும். நான் அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிடுவேன். அப்போதும் அவர் பக்கத்தில் நின்று பின்னல் என்ற சொல்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்.

அந்தப் பெண்ணுக்கு அமைந்தது பெரிய இடம். மாப்பிள்ளை பெரிய கம்பெனியில் இன்ஜினீயர், கார், சொந்த ஃபிளாட். கல்யாணத்தன்று முதல்முறையாக மச்சினன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க மாமா," என்றான். நான் பார்த்தேன். அத்தனை வருஷம் நின்றுகொண்டே இருந்தவர் போல உட்கார்ந்தார்.

இளக்காரக் கட்டில் அவர் இறங்கியதும் ஆபீசுக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. தினம் ஒரு சொல்லோடு வருவார். "டிஸ்பைஸ். வேரைப் பார்த்தா, கீழே குனிஞ்சு பார்க்கிறது. நீ கீழ, நான் மேல. சூப்பர்சிலியஸ்னு ஒண்ணு இருக்கு, அது புருவம். ஒரு புருவத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பானுங்க இல்ல, அது. ஸ்பர்ன், காலால எத்தித் தள்ளுறது." ஒருநாள் டிஸ்பாரேஜ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். இன்றைக்கு அதற்கு மட்டம் தட்டிப் பேசுவது என்று அர்த்தமாம். பழைய காலத்தில் தன் தகுதிக்குக் குறைந்த இடத்தில் கல்யாணம் செய்துகொடுப்பது என்று அர்த்தமாம்.

"உங்க மச்சினனுக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவாரு," என்றேன்.

"அவனுக்கு அந்தச் சொல்லே தெரியாது. சொல்லு தெரியாமலேயே செஞ்சிருக்கான் பாரு, அதான் திறமை," என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

வில்லன் என்றால் முதலில் பண்ணையில் வேலை செய்தவன் என்றுதான் பொருளாம். வல்கர் என்றால் சாதாரண ஜனம். எனக்கு வந்ததே கோபம்! உழைக்கிறவனைக் கெட்டவனாக்கி, கூட்டத்தில் நிற்கிறவனை அசிங்கமாக்கி ஒரு பாஷையா? "நம்ம பாஷை மட்டும் யோக்கியமா? கொஞ்சம் யோசிச்சுப் பாரு," என்றார். யோசித்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஒருவரைத் துச்சமாக மதிப்பதைச் சொல்லும் கன்டெம்ட் என்ற சொல்தான் அவரைப் படுத்தி எடுத்தது. லத்தீன்வரை போய்ப் பார்த்தும் அதற்குக் கீழே வேர் சரியாக அகப்படவில்லை. அறிஞர்களும் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். வேராவது போகட்டும், எடுத்துக்காட்டு வாக்கியமும் அமையவில்லை. அதுதான் பெரிய தலைவலி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஆசிரியருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு தமிழ் வாக்கியம் போட வேண்டும். அது நாம் உட்கார்ந்து கற்பனை செய்ததாக இருக்கக் கூடாது. யாராவது வாயால் சொல்லி நம் காதால் கேட்டதாக இருக்க வேண்டும். "மேசையில சமைச்ச வாக்கியம் எனக்கு வேண்டாம்," என்று அட்டையைத் திருப்பி எறிவார். அதனால் எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் போவார்கள். நோய்க் கட்டுக்காரர் உடம்புக்கு ஒன்றும் இல்லாமலேயே ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்திருப்பார். பாத்திரக் கட்டு அம்மா தன் மாமியார் திட்டியதை எழுதிக்கொண்டு வந்து, "இன்னிக்கு எனக்கு மூணு கிடைச்சுது!" என்று சந்தோஷமாகக் காட்டுவாள். அந்த வேலையில் கொஞ்ச வருஷம் இருந்தால் அப்படித்தான் ஆகும். எதிரே இருப்பவர் அழுதாலும், அவர் என்ன சொல்லி அழுகிறார் என்பதுதான் முதலில் காதில் விழும்.

வேர்க்காரரின் மகள் மதிய வேளையில் ஆபீசுக்கு வர ஆரம்பித்தது அப்போதுதான். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன் என்பாள். பெஞ்சில் இரண்டு பேரும் உட்காருவார்கள், அவர் சாப்பிடுவார். அவள் சாப்பிட மாட்டாள், பேசுவாள்.

"அவரு என்னை அடிக்கிறது இல்லப்பா. திட்டுறதும் இல்ல," என்று முதலில் ஆரம்பித்தாள். "நான் கழுவி வச்ச டம்ளரை எடுத்து, ஒண்ணும் சொல்லாம இன்னொரு தடவை கழுவிட்டுத்தான் தண்ணி குடிப்பாரு. தினமும். நான் என்ன கழுவினாலும்."

"சுத்தம் பார்க்கிற ஆளா இருக்கும்மா."

"மத்தவங்க வீட்டுல அப்படியே குடிக்கிறாரே."

இவர் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

இன்னொரு நாள் சொன்னாள். "அவரு ஃபிரெண்ட்ஸ் வந்தாங்கப்பா. என்னைக் காட்டி, 'இது இருக்கே, இதுக்கு ஒண்ணும் தெரியாது, விடுங்க'ன்னாரு. இவள்னு சொல்லலப்பா. இது. மேசை நாற்காலியைச் சொல்ற மாதிரி."

"இது இருக்கேன்னா சொன்னாரு?"

"ஆமாப்பா."

"அப்புறம் என்ன சொன்னாரு? ஒண்ணும் தெரியாதா, ஒண்ணுமே தெரியாதா?"

பீரோவுக்கு இந்தப் பக்கம் என் கை அப்படியே நின்றுவிட்டது. அடப்பாவி மனுஷா! நான் எட்டிப் பார்த்தேன். முழங்காலில் அட்டையை வைத்துக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து அப்பா கையில் அட்டையோடுதானே பார்த்திருக்கிறாள். அவர் கவனமாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதன் பிறகு நிறைய வர ஆரம்பித்தாள், நிறையச் சொல்ல ஆரம்பித்தாள்.

அவர் கெட்டவர் இல்லை. அதைத்தான் என்னால் யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. மகள் போன பிறகு என்னிடம் வந்து நிற்பார். "டிஸ்டெய்ன் அளவுலதான் இருக்கு. தகுதியில்லன்னு நினைக்கிறான், அவ்வளவுதான். ஸ்பர்ன்வரைக்கும் போகல. கை கால் நீட்டல. இதெல்லாம் கொஞ்ச நாள்ல தணிஞ்சிடும்," என்பார். டாக்டர் காய்ச்சலை அளப்பது போல அளந்துகொண்டிருந்தார். சொற்களுக்குள் ஏணிப்படி கட்டி, மகள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேல்படி வராத வரையில் அவருக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்குள் மச்சினன் இழுத்துப் போட்ட நாற்காலியும் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

"அளக்கிறதை விட்டுட்டு அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க," என்றேன்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் அவசரம்."

மழை பெய்த ஒரு மதியம் அவள் சாப்பாடு கொண்டுவராமல் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுதாள். அதற்குமுன் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"நேத்து நானே சண்டை போட்டேன்பா. என் மேல என்ன கோபம், அதையாவது சொல்லுங்கன்னு கத்தினேன். அவரு டிவியை நிறுத்தக்கூட இல்ல. 'கோபமா? உன்கிட்ட கோபப்படுறதுக்குக்கூட என்ன இருக்கு?'ன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் தூங்கப் போயிட்டாரு."

மழைத் தண்ணீர் குழாயில் கொட்டும் சத்தம் மட்டும். பிறகு அவர் குரல் கேட்டது. நடுங்கியது. நான் முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இன்னொரு தடவை சொல்லும்மா. அப்படியே, அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

அவள் சொன்னாள். அப்பா நெஞ்சில் அடி விழுந்துவிட்டது, இனி எழுந்து வருவார் என்று நம்பித்தான் சொன்னாள். அவள் குரலில் அது தெரிந்தது. சொல்லி முடித்துவிட்டு, "அப்பா, நான் இங்கயே வந்துடட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "வரலாம்மா. அவசரப்பட்டு எதுவும் செய்யக் கூடாது. இன்னும் கொஞ்ச நாள் பாரு. அடிக்கிறானா, வையிறானா? பொறுத்துப் பாரு. நான் இருக்கேன்ல?"

அவள் போன பிறகு என் மேசைக்கு அட்டையைக் கொண்டுவந்தார். கன்டெம்ட். கீழே மாப்பிள்ளை சொன்னது, ஒரு எழுத்துப் பிசகாமல். "எத்தனை மாசமாத் தேடிட்டிருந்தேன் தெரியுமா? கோபம்கூட இல்லாத இளக்காரம். அதான் இந்தச் சொல்லு! இத்தனை அகராதியில ஒருத்தனும் இப்படி ஒரு வாக்கியம் போட்டதில்ல," என்றார். அவர் கண் மின்னியது. அந்தக் கண்ணை நான் மறக்கவே மாட்டேன்.

"இது யாரு சொன்னது, யாரைப் பார்த்துச் சொன்னதுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் போட மாட்டோமே," என்றார். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. நிஜமாகவே வேலையைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து இளக்காரக் கட்டின் பக்கங்கள், அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கும் புரூஃப் ஆகி என் மேசையில் கிடந்தன. வேர்க்காரரை ஆசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். அப்போது அவர் மகள் வந்தாள். கையில் துணிப்பை, தோளில் இன்னொரு பை. இரண்டும் பிதுங்கிக்கொண்டிருந்தன. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது.

"வந்துட்டியா?" என்றேன்.

"வந்துட்டேன் அக்கா," என்றாள். "அப்பா கொஞ்ச நாள் பாருன்னாரு. பார்த்தாச்சு." லேசாகச் சிரித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனேன். பெஞ்சில் யாரோ பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்ததால் அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீரோடு வருவதற்குள் அவள் கண் மேசைக்குப் போய்விட்டது.

டிஸ்டெய்னுக்குக் கீழே, இது இருக்கே, இதுக்கு ஒண்ணும் தெரியாது. வேறொன்றுக்குக் கீழே டம்ளர். பக்கத்தின் அடியில் கன்டெம்ட். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சின்னப் பிள்ளையில் பாடம் படித்தது மாதிரியே படித்தாள். எதற்கும் வாய் திறக்கும் நான் அன்றைக்கு டம்ளரைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன்.

"நல்லா வந்திருக்கு அக்கா," என்றாள் கடைசியில். "ஒண்ணுகூட விடல."

"அவரு அப்படி நினைச்சு எழுதலம்மா..."

"தெரியும் அக்கா. அவரு என்னைப் பத்தியே நினைக்கல."

தண்ணீரை வாங்கிக் குடித்தாள். இரண்டு பையையும் எடுத்துக்கொண்டாள். நான் வாசல்வரை ஓடினேன், கையைப் பிடித்தேன், என் வீட்டுக்காவது வா என்று கெஞ்சினேன். "எங்க போனாலும் சொல்லணும் அக்கா, ஏன் வந்தேன்னு. அதான் சொல்லி முடிச்சாச்சே," என்றாள். மெதுவாக என் கையை விலக்கிவிட்டுப் படியிறங்கினாள்.

வேர்க்காரர் சிரித்த முகத்தோடு ஆசிரியர் அறையிலிருந்து வந்தார். வாக்கியங்களை ஆசிரியர் ரொம்பப் பாராட்டினாராம். நான் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன். ஆபீசே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவள் இரண்டு பையோடு வந்தாள் என்று சொன்னபோதுதான் அவருக்கு உறைத்தது. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினார். அவள் ஏறிய பஸ் போய்விட்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானமே அந்தப் பக்கங்களிலிருந்து அவள் வாக்கியங்கள் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஆசிரியர் சத்தம் போட்டார். "எடுக்காட்டி நான் வேலையை விட்டுப் போறேன்," என்றார் இவர். அவர் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. ஆனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அவள் புருஷன் ஃபிளாட்டுக்கே திரும்பிப் போயிருந்தாள். ஃபோன் செய்தால் எடுத்தாள். சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், வேலை இருக்கு. ஆபீசுக்கு வருவது நின்றுபோனது. எப்படி இருக்கிறாய் என்று எத்தனை விதமாகக் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்ற ஒன்றுதான் வந்தது. அவர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் வைத்த பிறகும் கேட்டுக்கொண்டே இருப்பார்.

"என்கிட்ட சொல்லிட்டிருந்தவரைக்கும் அவளுக்கு ஒரு இடம் இருந்துச்சு. அதை நானே அடைச்சிட்டேன்," என்று ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதார். இல்லை என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தனியாகப் போகப் பயந்துகொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார், மகளை அழைத்துவர. லிஃப்டில் ஏறியதும் சட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டார். பெல் அடித்ததும் அவள்தான் கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். ஈரக் கையைத் துணியில் துடைத்தபடி எங்களைப் பார்த்தாள்.

"கிளம்பும்மா," என்றார். "ஒண்ணும் சொல்ல வேண்டாம். யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். அப்படியே வந்துடு. அப்பா தப்புப் பண்ணிட்டேன். உன் கால்ல வேணா விழறேன்."

அவள் முகத்தில் நான் தேடினேன். கோபம் இருந்தால் போதும், பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம். அழுகை வந்தாலும் போதும். பார்சல் கொண்டுவந்தவரிடம் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கிறவள் மாதிரி நின்றாள்.

"எதுக்குப்பா அதெல்லாம்," என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாயிடும், பார்த்துப் போங்க."

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "யாரு?"

அவள் பாதி திரும்பி, சமையலறைப் பக்கம் நடந்துகொண்டே பதில் சொன்னாள்.

"யாருமில்ல. அப்பாதான்."

கதவை அவள் மூடவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நாங்களே சாத்திவிட்டு வந்தோம்.